இரண்டு பட்டியல்கள், ஒரே பருவம்: 2022–23 ஜெர்மன் கால்பந்து லீக் வழியே தரமுயர்வும் தரமிறக்கமும்

கால்பந்து லீக் ஒன்றின் புள்ளிப் பட்டியலை முதன்முறையாகப் பார்ப்பவரின் கண் இயல்பாகவே முதல் வரிக்குத்தான் போகும். யார் சாம்பியன் என்று தெரிந்ததும் பட்டியலை மூடிவிடத் தோன்றும். ஐரோப்பிய லீக்குகளைப் பொறுத்தவரை, அப்படி மூடிவிடுபவர் பருவத்தின் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அங்கே முதல் பிரிவின் அடிப்பகுதியும் இரண்டாம் பிரிவின் உச்சியும் ஒன்றோடொன்று பிணைந்தவை: மேலே கடைசியில் நிற்கும் அணிகள் அடுத்த ஆண்டு கீழ்ப் பிரிவில் ஆட வேண்டும்; கீழே முன்னணியில் முடிக்கும் அணிகள் அந்த இடங்களுக்கு ஏறி வரும். முன்னதைத் தரமிறக்கம் என்றும் பின்னதைத் தரமுயர்வு என்றும் சொல்கிறோம். ஐபிஎல் கிரிக்கெட்டில் கடைசி இடம் பிடித்த அணி அடுத்த ஆண்டும் அதே போட்டியில் ஆடும் என்பதற்குப் பழகிய நமக்கு, இந்த ஏற்பாட்டின் கடுமையை உணரச் சற்று நேரம் பிடிக்கலாம். விதிகளை மட்டும் படித்து அதை உணர்ந்துவிட முடியாது என்பதால், ஜெர்மனியின் முதல் இரண்டு பிரிவுகளின் 2022–23 பருவத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்க முயல்கிறேன். நான் அறிந்த பருவங்களில், இரண்டு பட்டியல்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியது வேறில்லை.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடுவோம். ஜெர்மனியின் முதல் பிரிவுக்குப் புண்டஸ்லிகா என்று பெயர், 1963இல் தொடங்கியது. அதற்கு அடுத்தது இரண்டாம் புண்டஸ்லிகா. ஒவ்வொன்றிலும் 18 அணிகள் உண்டு. ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளுடன் சொந்த மைதானத்தில் ஒருமுறையும் எதிரணியின் மைதானத்தில் ஒருமுறையும் மோதுவதால், பருவத்துக்கு ஆளுக்கு 34 ஆட்டங்கள், ஒரு பிரிவுக்கு மொத்தம் 306 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. 1995க்கு முன்பு ஜெர்மனியில் வெற்றிக்கு 2 புள்ளிகளே தரப்பட்டன. அதை 3 ஆக உயர்த்தியதன் நோக்கம், சமநிலையோடு திருப்தியடையாமல் அணிகளை வெற்றிக்காக ஆட வைப்பது. இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் முடித்தால் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் எண், முடிவு செய்யும். அதுவும் சமமானால் அடித்த கோல்களின் எண்ணிக்கை பார்க்கப்படும். இறுதிப் போட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. ஆகஸ்டில் ஆடிய முதல் ஆட்டத்தின் மதிப்பும் மே மாதத்தின் கடைசி ஆட்டத்தின் மதிப்பும் ஒன்றேதான்.

முதல் பிரிவில் 17, 18ஆம் இடங்களில் முடிக்கும் அணிகள் நேரடியாகக் கீழே இறங்கும். இரண்டாம் பிரிவில் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகள் நேரடியாக மேலே வரும். மூன்றாவது இடமாற்றம்தான் ஜெர்மன் முறையில் கவனிக்க வேண்டியது. முதல் பிரிவில் 16ஆவதாக வந்த அணியும் இரண்டாம் பிரிவில் 3ஆவதாக வந்த அணியும், ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டங்களில் நேருக்கு நேர் மோதும். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி யார் முன்னிலையில் இருக்கிறாரோ அவருக்கே அடுத்த ஆண்டின் முதல் பிரிவு இடம். இங்கிலாந்தில் இப்படி இல்லை. அங்கே மூன்று அணிகள் நேராக இறங்கிவிடும், மேலே வரும் மூன்றாவது அணியைக் கீழ்ப் பிரிவு அணிகளே தங்களுக்குள் மோதி முடிவு செய்துகொள்ளும். ஜெர்மன் முறையில் மேல் பிரிவு அணிக்குத் தன்னைக் காத்துக்கொள்ள இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. அது எவ்வளவு பெரிய சலுகை என்பதைப் பிறகு எண்களோடு பார்க்கலாம்.

2022–23 பருவம் ஒரு விதத்தில் வழக்கத்துக்கு மாறானது. கத்தாரில் உலகக் கோப்பை நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடந்ததால், முதல் பிரிவு நவம்பர் நடுவில் நின்று, 2023 ஜனவரி 20ஆம் தேதிதான் மீண்டும் தொடங்கியது. வழக்கமாக நெடிய இடைவெளி கிடைக்காத அணிகளுக்கு இது தங்களைத் திருத்திக்கொள்ளும் காலமாக அமைந்தது. ஷால்கே 04 அதற்கு நல்ல சான்று. முந்தைய ஆண்டு இரண்டாம் பிரிவில் சாம்பியனாகி மேலே வந்த அந்த அணி, பருவத்தின் முதல் பாதியில், அதாவது 17 ஆட்டங்களில், வெறும் 9 புள்ளிகளே எடுத்திருந்தது. இடைவெளிக்குப் பிறகு எளிதில் தோற்காத அணியாக மாறி, தொடர்ச்சியாக நான்கு ஆட்டங்களைக் கோலின்றிச் சமன் செய்து, இரண்டாம் பாதியில் 22 புள்ளிகள் சேர்த்தது. ஆனால் மொத்தம் 31 போதவில்லை. 17ஆவதாக முடித்து, வந்த வழியே இறங்கிப் போனது. பட்டியலை வாசிக்கும்போது இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம், ஏனெனில் ‘31 புள்ளி, 17ஆம் இடம்’ என்ற வரி மட்டும், அந்த அணி வசந்த காலத்தில் காட்டிய உறுதியைச் சொல்லாது.

இனி உச்சிக்கு வருவோம். பேயர்ன் மியூனிக் அதற்கு முன் தொடர்ச்சியாக பத்து ஆண்டுகள் சாம்பியன். அந்த ஆண்டு அதன் ஆட்டம் தடுமாறியது; மார்ச் மாதம் பயிற்சியாளர் யூலியான் நாகல்ஸ்மானை நீக்கிவிட்டுத் தாமஸ் டூகலை அமர்த்தியது. கடைசிக்கு முந்தைய வாரத்தில் லைப்சிக் அணியிடம் சொந்த மைதானத்திலேயே 1–3 எனத் தோற்றது. மறுநாள் பொருசியா டார்ட்மண்ட் ஆக்ஸ்பர்க்கை 3–0 என வென்று, 70 புள்ளிகளோடு 68இல் நின்ற பேயர்னைத் தாண்டியது. கடைசி நாளான மே 27 அன்று டார்ட்மண்ட் தன் சொந்த மைதானத்தில் மைன்ஸ் அணியை வென்றால் போதும். 2012க்குப் பிறகு முதல் பட்டம் கையில்.

கடைசி நாளின் ஒன்பது ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். பிறர் முடிவைத் தெரிந்துகொண்டு ஓர் அணி தன் ஆட்டத்தை அமைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான விதி இது. இதனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் புள்ளிப் பட்டியலே நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அன்று 15ஆவது நிமிடத்தில் மைன்ஸ் கோல் அடித்தது. சில நிமிடங்களில் டார்ட்மண்டுக்குப் பெனால்ட்டி கிடைத்தது. அதை உதைக்க வந்தவர் செபஸ்டியன் ஆலே. 2022 ஜூலையில் அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, சிகிச்சை முடிந்து ஜனவரியில்தான் களத்துக்குத் திரும்பியிருந்தார். பந்தை மைன்ஸ் கோல்கீப்பர் தடுத்தார். பிறகு மைன்ஸின் இரண்டாவது கோலும் விழுந்தது. கொலோன் நகரில் பேயர்ன் 1–0 என முன்னிலையில் இருந்தது. அந்தக் கணக்கில் பேயர்ன் 71, டார்ட்மண்ட் 70. 69ஆவது நிமிடத்தில் டார்ட்மண்ட் ஒரு கோலைத் திருப்பியது. 81ஆவது நிமிடத்தில் கொலோன் பெனால்ட்டி மூலம் 1–1 எனச் சமன் செய்ததும் பேயர்னின் கணக்கு 69க்கு இறங்கியது. தன் ஆட்டத்தில் 1–2 எனத் தோற்றுக்கொண்டிருந்தபோதே டார்ட்மண்ட் சாம்பியன் இடத்தில் நின்றது! எட்டு நிமிடங்கள் மட்டுமே. 89ஆவது நிமிடத்தில் ஜமால் முசியாலா பெனால்ட்டிப் பெட்டிக்கு வெளியிலிருந்து உதைத்த பந்து கொலோன் வலைக்குள் போய் பேயர்னை மீண்டும் 71க்கு உயர்த்தியது. நடுவர் கூட்டித்தந்த நேரத்தில், முந்தைய ஆண்டுவரை பேயர்னில் ஆடியவரான நிக்லாஸ் சூலே டார்ட்மண்டுக்காக 2–2 ஆக்கினார். இரண்டு அணிகளும் 71. கோல் வித்தியாசம் பேயர்னுக்கு 54, டார்ட்மண்டுக்கு 39. பதினொன்றாவது தொடர் பட்டம் மியூனிக்குக்குப் போனது.

உலகம் முழுவதும் அன்று பேசியது இந்தக் கதையைத்தான். ஆனால் தரமுயர்வு, தரமிறக்கம் என்ற ஏற்பாட்டின் உள்ளத்தைப் புரிந்துகொள்ள, அதே நாள் அடிமட்டத்தில் நடந்ததையும் மறுநாள் இரண்டாம் பிரிவில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

தலைநகரின் ஹெர்த்தா பெர்லின் ஒரு வாரம் முன்பே வீழ்ந்துவிட்டது. போஹும் அணிக்கு எதிராக 1–0 என முன்னிலையில் இருந்து, கூட்டித்தந்த நேரத்தில் கோல் வாங்கி 1–1 என முடித்ததும் கீழிறங்குவது உறுதியாயிற்று. இறுதியில் 29 புள்ளிகளுடன் 18ஆம் இடம். அந்த ஒற்றைக் கோலில் கிடைத்த புள்ளி போஹுமைத் தாங்கிப் பிடித்தது. கடைசி நாளில் அது லெவர்குசனை 3–0 என வென்று 35 புள்ளிகளோடு தப்பியது. ஸ்டுட்கார்ட் சொந்த மைதானத்தில் ஹோஃபன்ஹைம் அணியுடன் 1–1 எனச் சமன் செய்து 33இல் நின்றுவிட்டது. ஆக்ஸ்பர்க் அன்று தோற்று 34இலேயே இருந்ததால், ஒரு வெற்றி கிடைத்திருந்தால் ஸ்டுட்கார்ட் 35க்குப் போய் நேராகத் தப்பியிருக்கும். ஒரு கோல் குறைந்ததால் அது 16ஆம் இடத்துக்கும், அதன் வழியே அந்த இரட்டை ஆட்டத்துக்கும் தள்ளப்பட்டது. பட்டியலின் நடுப்பகுதியில் 2 புள்ளி என்பது பெரும்பாலும் பொருளற்ற எண். அடிப்பகுதியில் அதே 2 புள்ளி அடுத்த ஆண்டின் வரவு செலவையும், எத்தனை வீரர்களை விற்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது.

மறுநாள் மே 28, ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பிரிவின் கடைசி நாள். டார்ம்ஸ்டாட் 67 புள்ளிகளோடு ஏற்கெனவே மேலேறுவதை உறுதி செய்துவிட்டிருந்தது. மீதமிருந்த ஒரே நேரடி இடத்துக்கு ஹைடன்ஹைம் 64 புள்ளிகளோடும் ஹாம்பர்க் 63 புள்ளிகளோடும் போட்டியிட்டன. இந்த இரண்டு மன்றங்களைவிட ஒன்றுக்கொன்று எதிரான இரண்டைக் கண்டுபிடிப்பது கடினம். ஹாம்பர்க் 1983இல் மன்றங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்ற மன்றம். புண்டஸ்லிகா தொடங்கிய 1963 முதல் 2018வரை ஒருமுறைகூடக் கீழே இறங்காமல் இருந்தது. அவ்வளவு காலம் முதல் பிரிவில் இருந்ததைக் காட்டும் கடிகாரம் ஒன்றையே மைதானத்தில் ஓட விட்டிருந்தது. 2018இல் இறங்கிய பின் ஒவ்வோர் ஆண்டும் மேலேற முயன்று தவறிக்கொண்டிருந்தது. ஹைடன்ஹைம் ஏறத்தாழ 50,000 பேர் வாழும் சிறிய நகரம். அதன் மைதானத்தில் 15,000 பேர்தான் கொள்ளும். அந்த நகரிலேயே பிறந்த ஃபிராங்க் ஷ்மிட் 2007இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அணி நான்காம் பிரிவில் இருந்தது. 2014இல் இரண்டாம் பிரிவுக்கு வந்தது. 2020இல் மூன்றாவதாக முடித்து, வேர்டர் பிரேமனோடு 0–0, 2–2 என ஆடி, எதிரணி மைதானத்தில் அடித்த கோல்களுக்குக் கூடுதல் மதிப்பளித்த அன்றைய விதியால் வாய்ப்பை இழந்தது. அந்த விதி பின்னர் நீக்கப்பட்டுவிட்டது.

ஹாம்பர்க் சாண்ட்ஹவுசனில் தொடக்கத்திலேயே கோல் அடித்து 1–0 என வென்றது, கணக்கு 66. ரேகன்ஸ்பர்க்கில் ஹைடன்ஹைம் 0–2 எனப் பின்தங்கி, ஒரு கோலைத் திருப்பி, தொண்ணூறு நிமிடம் முடிந்தபோதும் 1–2 என்ற நிலையிலேயே இருந்தது. சாண்ட்ஹவுசனில் ஆட்டம் முடிந்ததும் ஹாம்பர்க் ரசிகர்கள் களத்துக்குள் இறங்கிக் கொண்டாடத் தொடங்கினர். ரேகன்ஸ்பர்க்கில் ஆட்டம் இன்னும் முடியவில்லை. 93ஆவது நிமிடத்தில் யான்-நிக்லாஸ் பெஸ்டே பெனால்ட்டியைக் கோலாக்கினார், 2–2. அப்போதும் ஹைடன்ஹைமின் கணக்கு 65தான், ஹாம்பர்க்கே மேலே. 99ஆவது நிமிடத்தில் டிம் கிளைன்டீன்ஸ்ட், அந்தப் பருவத்தின் தனது 25ஆவது கோலை அடித்தார். 3–2, கணக்கு 67. டார்ம்ஸ்டாட் அன்று தோற்றதால் இரண்டும் 67இல் நின்றன. கோல் வித்தியாசத்தில் முந்திய ஹைடன்ஹைம் மேலேறியதோடு இரண்டாம் பிரிவின் சாம்பியனாகவும் ஆனது. ஒரே கோல் ஓர் அணியை மூன்றாம் இடத்திலிருந்து முதல் இடத்துக்குத் தூக்கிவிட்டது! களத்தில் கொண்டாடிக்கொண்டிருந்த ஹாம்பர்க் ரசிகர்களின் அணியோ மூன்றாம் இடத்துக்கு இறங்கி, ஸ்டுட்கார்ட்டைச் சந்திக்க வேண்டியதாயிற்று.

பட்டியல்கள் இரண்டும் உண்மையிலேயே ஒன்றையொன்று தொடுகின்ற இடம் இதுதான். மேலிருந்து 33 புள்ளியோடு வந்த அணி தோல்விகளால் துவண்டது. 34 ஆட்டங்களில் 7 மட்டுமே வென்றது. கீழிருந்து 66 புள்ளியோடு வந்த அணி வெற்றிகளுக்குப் பழகியது. புதிதாகப் பார்ப்பவர் இரண்டாவது அணிக்கே வாய்ப்பு அதிகம் என்று நினைப்பது இயல்பு. ஜூன் 1 அன்று ஸ்டுட்கார்ட் 3–0 என வென்றது; முதல் கோல் ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே விழுந்தது. ஜூன் 5 அன்று ஹாம்பர்க்கில் உள்ளூர் அணி முதலில் கோல் அடித்தும், இறுதியில் ஸ்டுட்கார்ட்டே 3–1 என வென்றது. கூட்டினால் 6–1.

இது தற்செயலன்று. இந்த இரட்டை ஆட்ட முறை 2009இல் மீண்டும் கொண்டுவரப்பட்டதிலிருந்து 2023வரை நடந்த 15 மோதல்களில், கீழ்ப் பிரிவு அணி வென்றது மூன்றே முறை: 2009இல் நியூரன்பர்க், 2012இல் டுசல்டார்ஃப், 2019இல் யூனியன் பெர்லின். ஹாம்பர்க்கே இந்தச் சலுகையால் 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தப்பியிருந்தது. 2022இல் கீழிருந்து முயன்று ஹெர்த்தாவிடம் தோற்றிருந்தது. இதற்கு நான் காணும் காரணம் எளிது. தொலைக்காட்சி உரிமைத் தொகையில் மிகப் பெரிய பங்கு முதல் பிரிவுக்குத்தான் போகிறது. அங்கே கடைசியில் தவிக்கும் அணியிடம்கூட, கீழே முன்னணியில் நிற்கும் அணியால் வாங்க முடியாத வீரர்கள் இருக்கிறார்கள். 33 புள்ளியும் 66 புள்ளியும் வெவ்வேறு எதிராளிகளிடம் எடுத்தவை என்பதால், அவற்றை அருகருகே வைத்து ஒப்பிடவே கூடாது.

இதன் மறுபக்கமும் அதே ஆண்டில் தெரிந்தது. இரண்டாம் பிரிவின் அடியிலிருந்து சாண்ட்ஹவுசனும் ரேகன்ஸ்பர்க்கும் நேராக மூன்றாம் பிரிவுக்கு இறங்கின. 16ஆவதாக வந்த பீலஃபெல்ட், மூன்றாம் பிரிவின் வேஹன் வீஸ்பாடனோடு மோதியது. வீஸ்பாடன் உண்மையில் அங்கே நான்காவதாகத்தான் முடித்திருந்தது. இரண்டாம் இடம் பிடித்த ஃபிரைபர்க்கின் இரண்டாம் அணி, முதல் பிரிவு மன்றம் ஒன்றின் இளைய அணி என்பதால் மேலேற அனுமதி இல்லாதது. அந்த நான்காம் இட அணி 4–0, 2–1 என இரண்டு ஆட்டங்களையும் வென்றது. இங்கேயும் 6–1, ஆனால் கீழிருந்து வந்தவருக்குச் சாதகமாக. இரண்டாம், மூன்றாம் பிரிவுகளுக்கு இடையே 2009 முதல் 2023வரை நடந்த 15 மோதல்களில் கீழ்ப் பிரிவு அணி 11 முறை வென்றிருக்கிறது. மேலே 3, கீழே 11. முதல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் இடையிலுள்ள பள்ளம் எவ்வளவு ஆழமானது, அதற்குக் கீழே உள்ளது எவ்வளவு ஆழமற்றது என்பதை இந்த இரண்டு எண்களைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

பள்ளம் ஆழமானதாயினும் கடக்க முடியாததன்று. 2019இல் இதே இரட்டை ஆட்டத்தில் ஸ்டுட்கார்ட்டை வீழ்த்தி முதன்முறையாக மேலே வந்த யூனியன் பெர்லின், 2022–23இல் 62 புள்ளிகளோடு நான்காம் இடம் பிடித்து, ஐரோப்பிய மன்றங்களின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றது. அதே நகரின் பெரிய மன்றமாகக் கருதப்பட்ட ஹெர்த்தா அதே நாட்களில் கீழிறங்கியது. வேலியிட்டு மூடிய லீக் ஒன்றில் இந்த இடமாற்றம் நடந்திருக்க வழியே இல்லை. தோற்பவருக்கு இந்த முறை கடுமையானதுதான் என்றாலும், சிறிய நகரத்துக்கு இவ்வளவு நியாயமான வாசலை வேறெந்த முறையும் திறந்து வைக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த பருவமான 2023–24இன் பட்டியலை இப்போது திறந்து பார்த்தால் வாசிப்பதற்கு நிறைய இருக்கும். தப்பிப் பிழைத்த ஸ்டுட்கார்ட், அதே பயிற்சியாளர் செபஸ்டியன் ஹோனஸின் கீழ் 73 புள்ளிகள் எடுத்து, பேயர்னுக்கும் மேலே இரண்டாம் இடத்தில் முடித்தது. ஹைடன்ஹைம், ஏப்ரலில் பேயர்னிடம் 0–2 எனப் பின்தங்கி 3–2 என வென்றதோடு, 42 புள்ளிகளுடன் எட்டாம் இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டி ஒன்றுக்கும் போனது. முந்தைய பருவத்தில் அதே 67 புள்ளிகளோடு உடன் ஏறிய டார்ம்ஸ்டாட் வெறும் 17 புள்ளிகளோடு கடைசியாக வந்து உடனே இறங்கியது. ஹாம்பர்க் மேலும் இரண்டு ஆண்டுகள் இரண்டாம் பிரிவில் ஆடி, 2025 மே 10 அன்று உல்ம் அணியை 6–1 என வென்று முதல் பிரிவுக்குத் திரும்பியது.